பல்லுக்குப் போட்ட மாத்திரை

உப்பளம் பகுதியில் எங்கள் தெருமுனையில் சுரையா அக்காவின் பொடிக்கடை இருக்கிறது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் உண்டு என்றாலும் பெண்கள் தேடி வருவது ஆளி விதைப் பொடிக்குத்தான். பெரிய மார்க்கெட்டில் விதை வாங்கி, கல் பொறுக்கி, படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து அவரே அரைக்கிறார். மாதவிலக்கு நிற்கிற வயதில் இருப்பவர்களிடம், "இதத் தின்னா பொம்பளைங்களுக்கு வேண்டிய சத்து ஒடம்புல ஊறும். நான் சொல்றேன், எடுத்துக்க" என்பார். அந்த "நான் சொல்றேன்" மேல்தான் கடையே நடந்தது.

போன வருடம் கலைவாணி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தார். அவர் தரும் ஆளி விதைப் பொடியைத் தினமும் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்துச் சிறுநீர் தர வேண்டும். அந்தச் சத்து அதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். சுரையா அக்கா உடனே சம்மதித்தார். வாடிக்கையாளர் செல்வாம்பாளையும் சேர்த்துவிட்டார். தன் பேச்சுக்குச் சான்று கிடைக்கப்போகிறது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

செல்வாம்பாளுக்கு நிறைய வந்தது. சுரையா அக்காவுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை.

"என்னக்கா, விக்கிறவ வயித்துலயே ஊறலியே" என்று செல்வாம்பாள் கடை வாசலில் நின்று சிரித்தார்.

"மெதுவா பேசுடி. ஆளுங்க நிக்கிறாங்க."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டுக் கலைவாணியிடம் போனார்.

கலைவாணி சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது. ஆளி விதையில் லிக்னான் என்ற பொருள் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பெருங்குடலில் ஒரு வகை பாக்டீரியா அந்தச் சர்க்கரையைக் கழற்றுகிறது. வேறு வகைகள் மிச்சத்தை ஓரங்களில் வெட்டிச் சீராக்குகின்றன. கடைசியில் இன்னொரு வகை அதை என்டெரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றி முடிக்கிறது. சிறுநீரில் தேடியது அதைத்தான்; அதன் வடிவம் பெண் ஹார்மோனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். நடுவில் ஒரு வகை இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும்.

"எங்க ஊட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில கட்டில் செய்யிற கம்பெனியில இருந்தாரு" என்றார் சுரையா அக்கா. "வெல்டிங் போடுற ஆளு வரலன்னா வெட்டுன கம்பி அப்படியே கெடக்கும்."

"அதேதாம்மா. உங்க வயித்துல யாரோ லீவு. ஆன்டிபயாட்டிக் எதாவது சாப்ட்டீங்களா? முன்னாடியே கேட்டேன், இல்லன்னீங்க."

"நான் டாக்டருகிட்டயே போறதில்ல மேடம்." கொஞ்சம் யோசித்தார். "பல்லு வீங்குனப்ப மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்குனேன். நோம்பு முடிஞ்ச கையோட. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அதத்தானம்மா கேட்டேன்."

"அது பல்லுக்குப் போட்டது மேடம். வயித்துக்கும் அதுக்கும் என்ன?"

எங்கள் தெருவில் யாரும் அதை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வலிக்கிற இடத்தைச் சொன்னால் கடைக்காரர் அட்டையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தருவார். வலி போனதும் மாத்திரையும் மறந்துபோகும். ஆனால் பல்லுக்குப் போட்டாலும் அது குடலில் இருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும். அவை திரும்பப் பெருகப் பல மாதம் ஆகலாம். சிலர் வயிற்றில் அந்த வகைகள் முதலிலிருந்தே குறைவாக இருக்கலாம் என்றும், பிறகு ஒரு தடவை பார்த்தால்தான் தெரியும் என்றும் கலைவாணி சொன்னார். அந்தச் சத்து ஊறினாலும் உடம்புக்கு என்னென்ன நன்மை என்பது இன்னும் உறுதியாகவில்லையாம்.

அதற்குப் பிறகு சுரையா அக்கா "நான் சொல்றேன்" என்பதை விட்டுவிட்டார். நிர்மலா என்ற டீச்சர் வந்து, "ஹார்மோன் மாதிரி எதோ ஊறுமாமே?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. எனக்கு ஊறல."

டீச்சர் பாக்கெட்டை வைத்துவிட்டுப் பருப்புப் பொடியோடு போய்விட்டார்.

"வாய வெச்சிக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா? யாரு வந்து உன் வயித்தப் பாக்கப் போறாங்க?" என்றார் கணவர் அன்வருதீன்.

"நான் பாத்துட்டனே" என்றார் அவர்.

ஆளி விதைப் பொடி மாதக்கணக்கில் மந்தமாகத்தான் போனது. மழைக்காலம் வந்ததும் மறுபடி இரண்டு வாரம் பொடி சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சிறுநீர் கொடுத்தார். இந்தத் தடவை அந்தச் சத்து இருந்தது. ஆனால் செல்வாம்பாளுக்கு வந்ததில் பாதிதான்.

"பாதிதானா?" என்றார் செல்வாம்பாள்.

"பாதி ஆளுங்க வேலைக்கு வந்துட்டாங்க. மத்தவங்க வந்தா வரட்டும்."

இப்போது ஆளி விதைப் பொடி கேட்டு வருபவரிடம் அவர் முதலில் கேட்பது, "சமீபத்துல மாத்திரை எதாச்சும் போட்டியா? பல்லுக்கு, தொண்டைக்கு?" பிறகு சொல்கிறார்: "அந்தச் சத்து சிலருக்கு ஊறும், சிலருக்கு ஊறாது. எனக்குப் பாதிதான். ஆனா நல்ல விதை, நானே வறுத்து அரைச்சது. அது நான் சொல்றேன்."