சிலாவத்துறைப் பெட்டியின் முதல் வரி

போன கிழமை எங்கள் கொழும்புக் கந்தோருக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சிலாவத்துறைக் கிளையில் கழற்றிய பழைய ரவுட்டர். கழிவில் போடுவதற்கு முன் அதில் பதிந்திருப்பதை அழித்துவிட வேண்டும், அது என் பொறுப்பு. பெட்டியைத் திறந்ததும் நண்டு மணம் மேசையெல்லாம் பரவியது. காற்றுத் துளைக்குள் இரண்டு பல்லி முட்டைகள். பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார். எனக்கோ அந்த மணத்தோடு ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தது. உங்களுக்குச் சொல்வதற்கென்ன, ஞாபகத்துக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நண்டு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. மன்னார்க் கந்தோரின் கணினிப் பகுதியில் நானும் ஜெசிந்தாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. அவள் அரிப்பு என்கிற கரையோர ஊர்க்காரி. கிளைகளின் தகவல் எந்த வழியால் மன்னாருக்கு வரவேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. அதற்குப் படமும் கிடையாது, மவுஸும் கிடையாது. கறுப்புத் திரையில் வரி வரியாகத் தட்ட வேண்டும். இந்த இலக்கத்துக்குப் போவதென்றால் அந்த இலக்கத்திடம் கொடு, அவ்வளவுதான் விஷயம். ஓர் இலக்கம் பிசகினால் முழுக் கிளையும் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும்.

எனக்கு அடிக்கடி பிசகும். அவளுக்குப் பிசகாது. எல்லாக் கிளைகளின் இலக்கமும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பெட்டிக்குள் போனாலும் முதல் வரியில் தொடங்கி ஒரு வரி விடாமல் வாசிப்பாள். நான் இடைவெளி விடுகிற வெற்றுவிசையை அமத்திப் பிடித்து, பக்கங்களை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கிற ஆள். எங்கள் மேலாளர், சேர் என்றுதான் கூப்பிடுவோம், நான் விசைப்பலகையில் கை வைத்தாலே சொல்லுவார்: "எதுக்கும் ஜெசிந்தாட்ட ஒருக்கா காட்டிப்போட்டு அடியும்." அந்த ஒரு வசனம் எனக்கு வயிறெரியப் போதும். மத்தியானம் அவள் வீட்டுச் சூடைமீன் பொரியலில் பாதியை என் தட்டில் வைப்பாள். அதையும் தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன். பொரியலும் நன்றாக இருந்ததுதான் கொடுமை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், எங்கள் இருவரில் ஒருவரைத் தலைமைக் கந்தோருக்கு எடுக்கப்போகிறார் என்று கதை வந்தது. எடுபடப் போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும்தான்.

அவர் வருகிற அன்று காலை, சிலாவத்துறைக்குப் புதிதாக ஒரு கம்பியில்லா இணைப்பைப் பரீட்சித்துப் பார்க்கத் தந்திருந்தார்கள். மத்தியானம் வரைக்கும்தான் இருக்கும் என்றார்கள். ஜெசிந்தா மன்னாரில் இருந்தபடியே அந்த ரவுட்டருக்குள் போய், பழைய வழியை எடுத்துவிட்டுப் புதிய வழியைப் போட்டாள். இதில் ஒன்று தெரிய வேண்டும். நாம் தட்டுவது மின்சாரம் இருக்கும் வரைதான் நிற்கும். 'ரைட்', அதாவது எழுது, என்று ஒரு கட்டளை அடித்தால்தான் நிரந்தரமாகப் பதியும். ஜெசிந்தா பரீட்சை வேலைக்கு வேண்டுமென்றே ரைட் அடிக்கமாட்டாள். ஏதும் பிழைத்தால் அங்கே இருப்பவர் பெட்டியை நிறுத்திப் போட்டால் போதும், பழைய வழி தானாகத் திரும்பிவிடும். இது அவளுடைய முறை. எனக்கு அது தெரியாது. நான் என்றைக்கு அவளிடம் ஒன்றைக் கேட்டுப் படித்தேன்!

அவள் எழுந்து போனதும், வழமைபோல் பிழை பிடிக்க நான் உள்ளே போனேன். ரைட் அடிக்கவில்லை! மறந்துவிட்டாள்! அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்ல? என் சொந்தப் பெயரில் நுழைந்து, நானே ரைட் அடித்தேன். பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில், கொழும்புப் பெரியவருக்கு முன்னால், "ஜெசிந்தா மறந்திட்டா, நான்தான் அடிச்சனான்" என்று சொல்லிப் பார்த்துப் பழகியும் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் புதிய இணைப்பை நிறுத்தினார்கள். சிலாவத்துறை விழுந்தது. ஜெசிந்தா பதறவில்லை. கிளைக்குப் பொறுப்பானவரை, நானா என்றுதான் கூப்பிடுவோம், அழைத்தாள்.

"நானா, பெட்டிய ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு, பத்து எண்ணிப்போட்டுப் போடுங்கோ."

"போட்டாச்சு தங்கச்சி. பச்சை லைட்டும் வந்திட்டு. ஆனா ஒண்டும் ஓடுதில்ல. பில் துண்டு அடிக்க ஏலாம லொறி நிக்குது, ஐஸ் உருகுது."

அவள் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள். "அப்பிடி வராதே. நான் ரைட் அடிக்கேல்லையே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அடித்த ரைட் புதிய வழியை நிரந்தரமாக்கிவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். கொழும்பு வாகனம் மன்னார்ப் பாலம் தாண்டிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். நான் திறக்கவில்லை. அவள் மடிக்கணினியையும் நீல நிற வயரையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். இனி பெட்டிக்குப் பக்கத்தில் போயிருந்துதான் தட்ட வேண்டும். பெரியவர் வந்தபோது கணினிப் பகுதியில் இருந்த ஒரே ஆள் நான். நன்றாகக் கதைத்தேன்.

பொழுது படுவதற்கு முன் திரும்பி வந்தாள். செருப்பில் நண்டுத் தண்ணீர் காய்ந்திருந்தது. என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கள் அதுக்குள்ள போய் ரைட் ஏதும் அடிச்சனீங்களோ?"

"நானோ? இல்லையே."

ஒரு தடவைதான் கேட்டாள். "ஓம், சரி" என்றுவிட்டு சேரின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. "நான்தான் மறதியில அடிச்சுப்போட்டன் போல, சேர்." அடுத்த நாள் கொழும்புக்கு என் பெயர் வந்தது.

கொழும்பில் என்னைக் கூட்டங்களுக்கும் கொள்முதலுக்கும் போட்டார்கள். கறுப்புத் திரை கையைவிட்டுப் போனது. ஜெசிந்தா அந்த வருடமே வேலையை விட்டுக் கட்டாருக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய வைத்தியசாலையின் வலையமைப்பு முழுவதும் இப்போது அவள் கையில். முகநூலில் அவள் போடும் படங்களைப் பார்ப்பேன். விருப்பக்குறி போட்டதில்லை. வயிறு இன்றைக்கும் எரிகிறது.

இப்போது சிலாவத்துறையில் மாட்டியிருக்கும் புதிய பெட்டிக்குக் கைப்பேசியில் விரலால் தட்டினால் போதும். எல்லாம் தானாகவே பதிந்துவிடும். ரைட் அடிக்காமல் விட்டுவைக்கும் சாமர்த்தியத்துக்கு அதில் இடமில்லை.

பழைய பெட்டிக்கு அதே மாதிரி ஒரு நீல வயரைக் குத்தி, பதிந்திருப்பதைத் திரைக்கு எடுத்தேன். கை பழக்கத்தில் வெற்றுவிசைக்குப் போனது. வைக்கும் நேரத்தில் நின்றுவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் வரியை வாசித்தேன். கடைசியாகப் பதிந்த நேரம், அந்த நாளின் பின்னேரம். பதிந்தவர் பெயர். ஜெசிந்தா.

அவள் சிலாவத்துறையில் போயிருந்து பெட்டியைத் திறந்தபோது அந்த வரியில் என் பெயர் இருந்திருக்கும். முதல் வரியை விடுகிற ஆள் அல்ல அவள். வாசித்துவிட்டுத்தான் வழியைத் திருத்தி, ரைட் அடித்து, என் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரை வைத்திருக்கிறாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தெரிந்துகொண்டே வந்து, என்னிடம் கேட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் அழி என்று கட்டளை கொடுத்தேன். நிச்சயம்தானா என்று பெட்டியும் ஒரு தடவைதான் கேட்டது. விசையை அமத்தினேன். அந்த முதல் வரியில் இப்போது யாருடைய பெயரும் இல்லை.