சித்தி மாற்றிக் கொடுத்த அட்டை

புத்தாண்டு காலையில் போனைத் திறந்தால் வாக்குத்தத்தப் படங்கள் வந்து குவிந்து கிடக்கின்றன. ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவே ஒரு பைபிள் வசனம். எல்லாம் அம்மாவின் கைங்கரியம். பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி குடும்பக் குரூப்பில் கொட்டிவிடுகிறாள். பிடித்ததை எடுக்கலாம் என்றால் அப்புறம் அதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்தக் காலத்து வாக்குத்தத்த அட்டையில் ஜிகினா இருக்கும். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் தட்டை நீட்டுவார். அட்டைகள் கவிழ்ந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்குக் கடவுள் நமக்கென்று தரும் வாக்கு அது. ஷிப்மென்ட் அவசரத்தில் புத்தாண்டன்றும் வேலைக்குப் போனவர்களுக்கு வீட்டார் எடுத்துப் போகலாம். நான் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். விரலில் ஒட்டிய ஜிகினா வெள்ளைத் துணியில் இறங்கி, சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

அதனால்தான் சித்தப்பாவை அடக்கம் செய்த அன்று சித்தியின் விரல்களைக் கவனித்தேன். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. சித்தப்பா கட்டிங் மாஸ்டர். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து, ஆறுதல் ஜெபத்துக்காக மங்கலம் ரோட்டில் சித்தியின் லைன் வீட்டில் சபையார் கூடியிருந்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு சித்தி ஒரு வாய் சோறு தின்னவில்லை, ஒரு சொல் பேசவில்லை, அழவுமில்லை. சித்தப்பாவின் அந்த வருஷத்து அட்டையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். நீண்ட ஆயுசு தருவேன் என்கிற வாக்கு. விரலெல்லாம் ஜிகினா.

"அத வாங்கி மறச்சு வையி" என்று அம்மா என் காதைக் கடித்தாள். கையை நீட்டினேன். சித்தி பார்த்த பார்வையில் கை தானாகத் திரும்பிவிட்டது.

வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே ஆறுதல்தான் தெரிந்திருந்தது. எல்லாம் தேவ சித்தம். அதைச் சொல்லச் சொல்ல சித்தியின் முகம் இறுகிக்கொண்டே போனது. பாஸ்டர் ஜெபிக்க எழுந்தபோது அவள் வாய் திறந்தாள்.

"அவுக தானாச் சாகல. நாந்தான் கொன்னுட்டேன்."

அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குன்னு எடுத்த அட்டையில ஆயுசு இருந்துச்சு. அவுகளுக்கு எடுத்ததுல கண்ணீரத் தொடைப்பேன்னு இருந்துச்சு. ஆம்பளைக்கு எதுக்குக் கண்ணீருன்னு மாத்திக் குடுத்துட்டேன். கர்த்தர ஏமாத்துனா விடுவாரா?"

அவள் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. அந்தத் தட்டை நாங்கள் அப்படித்தான் நம்பியிருந்தோம்.

பாஸ்டர் இந்தப் பக்கத்துச் சேவூர்க்காரர். சித்தியின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அது சிவகாசில அச்சடிச்சுக் கட்டுக் கட்டா வர்றதுங்க. நாந்தானுங்க வாங்கியாறேன். மனசு நோகற வசனத்தையெல்லாம் பொறுக்கி வெளிய போட்டுட்டுத்தான் மிச்சத்தத் தட்டுல அடுக்கறேன். அதுல இருக்கறது கர்த்தர் கை இல்லீங்க. என் கைதானுங்க."

"பாஸ்டர்..." என்று பின்னாலிருந்து ஒருவர் இழுத்தார். பாஸ்டர் திரும்பவில்லை.

"நீங்க மாத்துனது நான் வாங்கியாந்த அட்டையைத்தானுங்கம்மா. அவரு உசுரை இல்லீங்க."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை நழுவி மடியில் விழுந்தது. பிறகு அழுதாள். ஒரு பாட்டம் அழுது ஓய்ந்ததும் அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். வாங்கிக்கொண்டாள். அன்று ஜெபம் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த புத்தாண்டில் பாஸ்டர் தட்டை வெளியே எடுக்கவில்லை. முணுமுணுப்பு கிளம்பியது. தட்டு நீட்டுகிற வேறு சபைகளைத் தேடிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின. எங்கள் அம்மாவும் போனாள், இதையெல்லாம் கிளப்பிவிட்டது தன் கூடப்பிறந்தவள்தான் என்பதே ஞாபகமில்லாதவள் மாதிரி. ஆள் குறைந்து சபையை மூடினார்கள். பாஸ்டர் உடுமலைப் பக்கம் போய்விட்டார். சபை கூடிய கூடம் இப்போது நூல் குடோன். கடைசி ஞாயிறு வரை அங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் சித்திதான்.