மழையில் போட்ட கணக்கு

கூடலூர்த் திராட்சை விவசாயி கர்ணனின் மகள் யுவராணிக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. வைகுண்டராஜ் நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டும்.

சென்னையில் அவர் நடத்திய நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தவள். பாரம் சுமக்கும் பாறை ஒரேயடியாக உடைவதில்லை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நெளிந்து கொடுக்கும். எந்த இடம், எவ்வளவு காலத்தில், எவ்வளவு நெளியும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்லும் மாதிரி ஒன்றைக் கண் எரிய உட்கார்ந்து உருவாக்கினாள். டெல்லி மாநாட்டில் அது வைகுண்டராஜின் பெயரில் அரங்கேறியது. கேட்டதற்கு, பொம்பளப் பிள்ளைக்கு இத்தனை ஆவேசம் ஆகாது என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்றே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

தோட்டத்து வீட்டில் இருந்தபடி மாதிரியைத் திருத்திக்கொண்டே இருந்தாள். பழையது காய்ந்த பாறையை மட்டுமே கணக்கில் எடுத்தது. நீர் இறங்கினால் அதே பாறை பல மடங்கு வேகமாக நெளியும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு கூடலூருக்கு மேலே மலையைக் குடைந்து தண்ணீர்ச் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி வந்தது. ஆலோசகர் வைகுண்டராஜ். அவர் கையில் இருந்தது அவளுடைய பழைய மாதிரி. அதைக் கேள்விப்பட்ட அன்று யுவராணி வயிறாரச் சாப்பிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கம்பெனி விவசாயிகளுக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டாள். சுரங்கத்தின் நடுவே முட்டுக் கொடுத்திருந்த இரும்பு வளைவுகள் இந்த மழைக்குத் தாங்காது என்று வந்தது. வைகுண்டராஜின் நம்பர் போனில் இருந்தது. ஆனால் அடுத்த வாரம் தேனியில் சுரங்க வேலை பற்றிய கூட்டம். அதிகாரிகள் எல்லாரும் வருவார்கள். அங்கே வைத்துச் சொன்னால்தான் மனுஷன் முகம் செத்துப்போவதைக் கண்ணால் பார்க்கலாம். காத்திருந்தாள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் வளைவு ஒடிந்து பாறை சரிந்தது. ராக்கையா என்ற தொழிலாளிக்கு ஒரு கால் போயிற்று.

இதை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார் வைகுண்டராஜ் கூட்டத்தில். யுவராணி எழுந்து தன் கணக்கைத் திரையில் காட்டினாள். சரிந்த இடம் சிவப்பாகத் தெரிந்தது. பழைய மாதிரி யாருடையது, அதில் என்ன குறை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் முகம் வெளுத்ததை ஆசைதீரப் பார்த்தாள்.

அவர் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“இது எப்பப் போட்ட கணக்கு, யுவராணி?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“போன வாரம், சார்.”

கூட்டம் மொத்தமும் திரும்பி அவளையே பார்த்தது.

வைகுண்டராஜை நீக்கினார்கள், வேலை நின்றது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ராக்கையா கட்டிலில் சாய்ந்திருந்தார். தான் யாரென்று சொன்னாள்.

“தெரிஞ்சும் சொல்லலைன்னு பேசிக்கிட்டாக. நெசமா ஆத்தா?”

“நெசந்தாண்ணே. அந்தாளு மேல இருந்த கோவம்...”

“அந்தாளு உள்ள போகலையே. நாங்கதான போனோம்.”

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைகுண்டராஜ் மேலிருந்த கோபம் அப்போதும் அவளுக்குத் துளிகூடக் குறையவில்லை. சாப்பாடு வாங்கப் போன ராக்கையாவின் மனைவி திரும்பி வரும்வரை கட்டில் பக்கத்திலேயே நின்றாள்.