எங்கள் இரிமோயாக் கூரை

எண்பதுகளின் இறுதியில் நானும் என் நண்பனும் லண்டன் ஹரோவில் ஒட்டியிருந்த இரண்டு வீடுகளை வாங்கினோம். நடுவில் பொதுச்சுவர், மேலே இரண்டுக்கும் ஒரே கூரை. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இனி எங்கும் போவதில்லை என்று அவன்தான் சொன்னான்.

அந்தக் குளிர்காலம் ஜப்பானியக் கட்டடக்கலை பற்றிய மாலை வகுப்பொன்றில் சேர்ந்தோம். அவன் கேட்டது கணக்கியல். அதில் இடம் நிரம்பிவிட்டது. ஆசிரியை மூன்று கூரைகளை வரைந்து காட்டினார். கிரிசுமா, கவிழ்த்துவைத்த புத்தகம்போல இரண்டே சரிவு. முனைகளில் முக்கோணச் சுவர். யோசெமுனேக்கு நாலு பக்கமும் சரிவு. எங்கள் கூரை அந்த வகை. இரிமோயாவில் இரண்டும் உண்டு: கீழே நாலு பக்கமும் சரிந்திருக்க, உச்சியில் மட்டும் சிறு முக்கோணம் நிமிர்ந்து நிற்கும்.

"மச்சான், இதுதான் எங்கடை வீட்டுக்கு," என்றான் பஸ்ஸில். "முக்கோணத்திலை ஜன்னல் வைச்சு மேலை அறை எடுப்பம்."

"கவுன்சில் விடுமோ?"

"சேர்ந்து கேட்டால் விடும். ஒருத்தன் மட்டும் செய்தால் பாதி மீசை வழிச்ச மாதிரி இருக்கும்."

படத்தை நான் வரைந்தேன். அவன் அதைத் தன் பிரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

சில வருடங்கள் கழித்து, ஒரு கோடை விடுமுறையிலிருந்து திரும்பியபோது அவன் வீட்டுப் பக்கத்தில் கட்டடச் சாரம் நின்றது. பக்கச் சரிவைக் கழற்றிவிட்டுச் செங்கல் சுவரை உச்சிவரை எழுப்பியிருந்தார்கள். கிரிசுமா. என் பக்கம் பழையபடி சரிந்திருந்தது.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் ஜப்பான் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். இப்பிடியெண்டால் அறை பெரிசு. நீயும் எழுப்பன், வடிவாயிருக்கும்."

அறை பெரிதென்பது உண்மைதான். இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுக்குக் கட்டிய அதே தமிழரை என் வீட்டுக்கும் அழைத்தேன். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்துவிட்டு அவர் கேட்டார்:

"நீங்களும் விக்கப் போறியளோ?"

"ஆர் விக்கிறது?"

"உங்கடை சிநேகிதர்தான். கனடாவுக்கெல்லே போறார்? மேல் அறை இருந்தால் கெதியா விலைப்படுமெண்டு நிண்டவர்."

நாடாவை விட்டேன். அது ஓடிப்போய் அவர் கைக்குள் சுருண்டது. என் கூரையைத் தொட வேண்டாம் என்றேன்.

மாதம் முடியுமுன் வீடு விற்பனை ஏஜென்டின் கடைக் கண்ணாடியில் அவன் வீட்டுப் படம் வந்தது. பத்திரிகையில் படங்களை வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவன் நான் என்பதால் என் கண் முதலில் படத்தின் ஓரத்துக்குத்தான் போனது. பொதுச்சுவரோடு நேராக வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வீடு இருப்பதே தெரியவில்லை.