இதயம் எழுதிய தாள்

ஈ.சி.ஜி. எடுப்பவனுக்கு இதயத்தைவிட, இதயத்தைப் பற்றிய பயம்தான் நன்றாகத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த மெஷின் என் பொறுப்பில் இருந்தது. நெஞ்சு படபடக்க அந்தக் கட்டிலில் படுத்து எழுந்தவரா நீங்கள்? அப்படியென்றால் நம் ஆள்தான்.

வயர்

பொகவந்தலாவைத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர், கை கால்களில் தகடு கட்டியதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது கரண்டு வைக்காதுங்க. இதயம் துடிக்க உள்ளேயே கொஞ்சம் கரண்டு ஓடுது, அதைத்தான் தாள்ல எழுதும்" என்றேன். நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"எங்க லயத்து வீட்டுலயே கரண்டு இல்லீங்க, எனக்குள்ள யாருங்க இழுத்து விட்டது?"

நடிப்பு

ராமாயி வட்டவளைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவள். கூடையோடு மலையில் மயங்கி விழுவாள். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிடுவாள். பேய் என்று தாயத்துக் கட்டினார்கள். வேலைக்குக் கள்ளம், நடிப்பு என்றார் வேலை வாங்கும் கங்காணி. நான் எடுத்த முதல் தாளிலும் ஒரு குறையும் இல்லை. "வீட்டுக்கு அனுப்பலாமா?" என்று கேட்டேன். டொக்டர் பிடித்திருந்த அவள் மணிக்கட்டை விடவில்லை. "நாடி நடுநடுவே தவறுது. இன்னொரு தடவை எடு, நிறுத்தாதே" என்றார்.

தாள் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவள் முகம் வெளுத்து, கண் செருகியது. தாளில் இதயத்தின் மேலறை எழுதும் சின்ன அலைகள் வரிசையாக வந்தன. கீழறை துடிக்கும் பெரிய அலை ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கட்டளை போகிறது, வழியில் எங்கோ அறுந்துவிடுகிறது. டொக்டர் அவள் நெஞ்சில் ஓங்கிக் குத்தினார். பெரிய அலை ஒன்று எழுந்தது, பிறகு இன்னொன்று. கண் திறந்த ராமாயி, தாளையே பார்த்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"இதைத்தானுங்க நாலு மாசமா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

சாட்சி

துடிப்பை விரைவாக்க நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்து, வார்டில் வைத்துப் பார்த்தோம். மயக்கம் குறைந்தது. வீட்டுக்குப் போகும்போது, டொக்டரின் கடிதத்தோடு அந்தத் தாளில் ஒரு முழமும் கேட்டு வாங்கிப் போனாள். அடுத்த மாதம் நடந்தே வந்தாள். மலை ஏறாத வேலையாக, தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் போட்டிருக்கிறார்களாம். கங்காணி தாளைத் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்:

"எனக்கு இது படிக்கத் தெரியாதும்மா, ஆனா நீ நடிச்சு இப்படி எழுத முடியாது."

மனுஷி வாயால் சொன்னால் நம்பாதவர்கள் கட்டம் போட்ட தாள் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். எங்கள் பிழைப்பு ஓடியதே அதனால்தான்.