ஜொனி மங்கலாக்கிய நாற்பது சொந்தக்காரர்

கட்டுகஸ்தோட்டை ஜொனி பதினேழு வருஷமாகக் கல்யாணம், ஞானஸ்நானம், மரண வீடு என்று வீடியோ எடுத்து வந்தவர். கலை என்ற நோய் அவருக்கு இருந்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் படத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான் தொழில். ஐம்பதாவது வயதில் கண்டி டவுனில் நாலு சனிக்கிழமை ஒளிப்பதிவு வகுப்புக்குப் போனதில்தான் எல்லாம் கெட்டது. ஆளை நடுவில் நிறுத்தக் கூடாது, வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும், சொல்ல வந்ததைத் தவிர மற்றதை மங்கலாக்க வேண்டும் என்று கற்றார். மனைவி டொரதியைக்கூட ஜன்னலோரம் நிறுத்தியே பேசினார்.

முதல் பரீட்சையாக வாய்த்தது பக்கத்துத் தெரு அந்தோனியம்மாவின் மரணம். கனடாவிலிருந்து வர முடியாத மகள் ஷாமலாவுக்காக வீடியோ. இது அவளுக்குப் பிடித்துவிட்டால், டிசம்பரில் கண்டியில் நடக்கவிருக்கும் அவள் மகளின் கல்யாணமும் ஜொனிக்கே. ஆகவே முழுத் திறமையையும் இறக்கினார். மெழுகுதிரி வெளிச்சத்தில் அம்மாவின் முகம் மட்டும் துல்லியம். பெட்டிக்குப் பின்னால் நின்ற நாற்பது சொந்தக்காரரும் வெள்ளைப் புகை.

மூன்றாம் நாள் ஷாமலா அழைத்தாள்.

"ஜொனி அண்ணே, அம்மா முகம் நல்லா இருக்கு. ஆனா யாரு வந்தா, யாரு வரலன்னு ஒண்ணும் தெரியலயே. யாகப்பர் மாமா வந்தாரா?"

"வந்தாரு தங்கச்சி. இடது பக்கம், மூணாவது மங்கல்."

அவள் நம்பவில்லை. மாமாவுக்கே போன் போட்டு ஏசினாள். மறுநாள் காலையில் யாகப்பர் மடுல்கெல்லையிலிருந்து வந்து ஜொனியின் வாசலில் நின்றார்.

"மூட்டு வலியோட ரெண்டு பஸ் மாறி வந்தவன்டா நான். என்னய பனிமூட்டமாக்கிட்டியே!"

"பின்னால மங்கினாத்தான் ஐயா சோகம் எடுபடும்."

"என் மூஞ்சில இல்லாத சோகமா?"

முப்பத்தோராம் நாள் பூசையன்று ஜொனி கலையைப் பைக்குள் வைத்து மூடினார். சொந்தக்காரரைக் கோயில் படிக்கட்டில் வரிசையாக நிறுத்தி, தலைக்கு ஐந்து செக்கன், மூக்கு மயிர் எண்ணுகிற தெளிவில் எடுத்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து ஷாமலா பேசினாள்.

"எல்லாரும் பளிச்சுன்னு இருக்காங்க அண்ணே. சித்தி கழுத்துல கெடக்கிறது எங்கம்மா சங்கிலி. அஞ்சு செக்கனுக்குள்ள மாமா ரெண்டு தடவ மணி பாக்குறாரு."

"அப்ப... கல்யாணம்?" என்றார் ஜொனி மெல்ல.

"நீங்கதான் எடுக்கணும். ஆனா எங்க பக்கத்து ஆளுங்கள மட்டும் மொதல் வீடியோ மாதிரியே எடுங்க. மாப்பிள வீட்டுக்காரங்க பாப்பாங்க."