இறால் பெட்டி ஐஸும் ஒரு ஃபஸ் பெடலும்

என்ரை மனிசனுக்குக் கிற்றார் எண்டால் உயிர். கலியாண வீடுகளிலை வாசிக்கிற ஒரு பாண்டிலை இருக்கிறார். கிற்றாரின்ரை சத்தத்தைக் கரகரவெண்டு கிழிச்சு விடுற ஃபஸ் பெடல் ஒண்டு வேணுமெண்டு நெடுக ஆசைப்பட்டவர். காலாலை மிதிச்சுப் போடுற சின்னப் பெட்டிதான். ஆனால் விலையைக் கேட்டால் தலை சுத்தும். உதுக்குள்ளை அப்பிடி என்னதான் கிடக்கெண்டு இன்ரநெற்றிலை படத்தைத் தேடிப் பாத்தன். ரெண்டு ரான்சிஸ்ரர், கொஞ்சம் றெசிஸ்ரர், கப்பாசிற்றர். அட, இவ்வளவுதானோ!

பழைய றேடியோ ஒண்டைக் கழட்டி ஜெர்மானியம் ரான்சிஸ்ரர் எடுத்தன். குசினி மேசையிலை கையைச் சுட்டுச் சுட்டு ஈயம் உருக்கிச் சோல்டர் பண்ணி, ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ளை பூட்டினன். கிற்றாரைச் செருகிப் பாத்தால் மூச்சே இல்லை. கோவத்திலை ரின்னைத் தூக்கி வெளியிலை வீட்டு முத்தத்திலை எறிஞ்சுபோட்டு, பிறகு நானே போய்ப் பொறுக்கி வந்தன். பிழையைத் தேடித் தேடித் திருத்தி, ஒரு நாள் பொழுதுபட அவர் தந்தியைத் தட்ட, சத்தம் கரகரத்துக்கொண்டு எழும்பிச்சுது. "ஐயோ, இதுதானப்பா!" எண்டு துள்ளினார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

குருநகரிலை ஒரு மத்தியானக் கலியாண வீட்டிலைதான் பெடல் முதல் முதல் மேடை ஏறினது. "இது என்ரை மனிசி செய்தது" எண்டு ஒரு சொல் சொல்லுவார், கேப்பமெண்டு முன்வரிசையிலை போய் இருந்தன். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.

தகரப் பந்தல், வெயில் கொதிச்சுது. சவுண்ட் செக் பண்ணேக்கை அவர் பெடலை மிதிக்க, சத்தம் தொண்டை அடைச்ச ஆள் மாதிரி விக்கி விக்கிச் செத்துப்போச்சு. கீபோட் வாசிக்கிற அண்ணை கத்தினார்: "தம்பி, கொழும்பிலை நல்ல கடையிலை வாங்கினதெண்டெல்லோ சொன்னாய்? கொண்டுபோய்க் கடைக்காரன்ரை முகத்திலை எறி!"

கொழும்பிலையோ? நான் மனிசனைப் பாத்தன். அவர் குனிஞ்சு வயரைப் பாத்தார். மனிசி செய்ததெண்டு சொல்ல வெக்கமாம்! எனக்கு உள்ளுக்குள்ளை பத்தி எரிஞ்சுது. கிடந்து விக்கட்டுமெண்டு விட்டிருப்பன். ஆனால் சாகிறது என்ரை பெடலல்லோ.

வீட்டிலை நாங்கள் பொழுதுபட்டு வெக்கை தணிஞ்சாப் பிறகுதான் எப்பவும் தட்டிப் பாத்தது. ஜெர்மானியம் ரான்சிஸ்ரருக்குச் சூடு ஆகாதெண்டு வாசிச்சது அப்பதான் ஞாபகம் வந்தது. பின்வளவிலை சமையலுக்கு வந்த இறால் ஐஸ் பெட்டியிலை கிடந்தது. ஒரு சொப்பிங் பாக்கிலை ஐஸை அள்ளிக் கட்டி, ரின்னுக்கு மேலை வைச்சிட்டுத் திரும்பி வந்து இருந்தன். பாட்டுத் தொடங்க முந்தியே சத்தம் திரும்பி வந்திட்டுது.

"உன்ரை மனிசி கெட்டிக்காரி, கொழும்புச் சாமானைக் காப்பாத்திப் போட்டா" எண்டார் கீபோட் அண்ணை. மனிசன் பல்லைக் காட்டினாரே தவிர வாய் திறக்கேல்லை. நான் எழும்பிப் போய் இன்னொரு பாக் ஐஸ் கட்டி வந்து மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன்.

பெடலுக்கு மேலை இருந்த ஐஸ் கரைஞ்சுது. பொம்பிளை மாப்பிளை கேட்ட பாட்டிலை, அவர் தனிய வாசிக்கிற இடத்திலை, சத்தம் திரும்ப விக்கத் தொடங்கிச்சுது. அவர் என்னைப் பாத்தார். நான் பந்தல் தகரத்தைப் பாத்தன். கண்ணாலை கெஞ்சினார். நான் அசையேல்லை. கடைசியிலை மைக்கிலை குனிஞ்சு கத்தினார்: "இஞ்சரப்பா! நீர் செய்த பெடல் சாகுது, ஐஸைக் கொண்டு ஓடி வாரும்!"

கீபோட் அண்ணையின்ரை கை அப்பிடியே நிண்டிட்டுது. சனமெல்லாம் திரும்பி என்னைப் பாத்தது. என்ரை சாறி நனைஞ்சு, மடி குளிர்ந்து விறைச்சுப் போயிருந்தது. அவசரப்படாமல் ஆறுதலா எழும்பினன்.

"என்ன, கேக்கேல்லை," எண்டன். "இன்னொருக்கால் மைக்கிலை சொல்லுங்கோ."